பழைய பஜாஜ் சேத்தக்கை மின்சார வண்டியாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மூன்றையும் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சேத்தக்கில் அப்படியில்லை. இந்த வண்டியில் என்ஜின்தான் பின்சக்கரத்தைத் தாங்கும் கை. ஒரு முனையில் சாசியோடு நீளமான போல்ட், மறுமுனையில் ஷாக் அப்சார்பர், நடுவில் சக்கரத்தின் அச்சு. என்ஜினை இறக்கிய நிமிடமே பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். அந்தக் கையைப் புதிதாக, மில்லிமீட்டர் பிசகாமல் செய்வதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் வயரிங்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: வண்டியின் உடலில் வெட்டு, வெல்டிங் எதுவும் கிடையாது. புதிதாகப் போடும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். நாளைக்கு மனம் மாறினால் பழைய என்ஜினை ஒரே நாளில் திரும்ப ஏற்ற முடிய வேண்டும்.

எந்த வண்டியை எடுப்பது

சேத்தக் 1972-இல் வந்தது. ஆக, முதல் சில வருடத்து வண்டிகள் இப்போது 50 வயதைத் தாண்டிவிட்டன. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் இருக்கும் இருசக்கர வண்டியை விண்டேஜ் வாகனமாக, 'விஏ' வரிசை எண்ணில் பதிவு செய்யலாம். என்ஜினைக் கழற்றினால் அந்தத் தகுதி போய்விடும். அப்படியொரு வண்டி கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மறுபக்கம், மின்சாரத்துக்கு மாற்றத் தகுதியான வண்டி 1990 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தயாரானதாக இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆகவே பொருத்தமானது 1990-களின் சேத்தக். பழைய இரும்புக்கடையிலும் வீட்டு வராந்தாவிலும் அதிகம் கிடைப்பதும் அதுதான்.

சட்டத்தில் ஒளிவுமறைவு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஏஐஎஸ் 123 என்ற வாகனத் தரநிலையின் மூன்றாம் பகுதியின்படி, புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனை மையத்தில் ஒப்புதல் பெற்ற கிட்டை (மாற்றுப் பாகங்களின் தொகுப்பை), அந்தக் கிட் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர் பொருத்தி, அதன் சான்றோடு ஆர்.டி.ஓ.வில் எரிபொருள் வகையை மாற்றினால்தான் ரோட்டில் ஓட்டலாம். நம்பர் பிளேட் பச்சையாகும், சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து. இன்சூரன்ஸிலும் மாற்றத்தைச் சேர்க்க வேண்டும். தனித்தனியாகப் பாகம் வாங்கி வீட்டில் கட்டியது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காம்பவுண்டுக்குள்ளே ஓட்டத்தான். கிட் வாங்குவதற்கு முன், ஒப்புதல் சான்றில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிட் போட ஆள் இருந்தாலும் கீழே சொல்வதைப் படித்துவையுங்கள். பொருத்துபவர் எங்கே சோம்பேறித்தனம் பண்ணுவார் என்பது தெரியும்.

வண்டி வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், படுக்கவைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஃபுட்போர்டின் அடியில் ஸ்டாண்டு மாட்டும் இடம், பின் போல்ட் நுழையும் இடம், ஷாக்கின் மேல்முனை ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு பொடிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

எவ்வளவு மோட்டார், எவ்வளவு பேட்டரி

சேத்தக்கின் 3.50-10 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.35 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் போக சக்கரம் நிமிடத்துக்கு 617 முறை சுற்ற வேண்டும். ஆகவே 60 வோல்ட்டில் சுமையில்லாமல் 750 முதல் 800 சுற்று வரும் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) சரியாக இருக்கும். 1,000-க்கு மேல் சுற்றும் மோட்டாரைக் கடைக்காரர் 'ஸ்பீடு' என்று விற்பார். அது மேட்டில் தவிக்கும், சூடாகும்.

சமதரையில் ஒருவர் 45-இல் ஓட்ட சக்கரத்தில் சுமார் 1,050 வாட் போதும். மோட்டார், கன்ட்ரோலர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,300 வாட் போகும். அதாவது கிலோமீட்டருக்கு 29 வாட்-மணி. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மோட்டாரின் அளவை முடிவு செய்வது சமதரை அல்ல, மேடு. வண்டியும் இரண்டு பேருமாக 270 கிலோ, பத்துக்கு ஒன்று ஏற்றம் என்றால் சக்கரத்தில் 65 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதே ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் போக இரண்டரை கிலோவாட் செலவாகும். இதற்கு 2,000 வாட் தொடர் திறனும் 90 நியூட்டன் மீட்டர் உச்ச முறுக்கும் உள்ள 10 அங்குல ஹப் மோட்டாரும், பேட்டரி பக்கம் 50 ஆம்பியர் தரும் சைன் வேவ் கன்ட்ரோலரும் போதும்.

ஃபிளைஓவர், ரயில்வே மேம்பாலம் எல்லாம் இதில் அடங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு அடங்காது. ஹப் மோட்டாருக்கு கியர் கிடையாது. மெதுவாக ஏறும்போது வாங்கும் கரன்ட்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ஹப் மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கையில் மோட்டாரை ஏற்றிச் செயினில் வேகம் குறைத்துச் சக்கரத்தை ஓட்டும் அமைப்புக்குப் போக வேண்டும். அது தனிக் கதை.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 20 செல் வரிசையாகச் சேர்ந்தால் 64 வோல்ட், முழுச் சார்ஜில் 73. அதில் 40 ஆம்பியர்-மணி என்றால் 2,560 வாட்-மணி. 85 சதவீதத்தைப் பயன்படுத்தினால் ஊருக்குள் 65 முதல் 68 கிலோமீட்டர் வரும். கடையில் 'நூறு போகும்' என்று சொன்னால் எந்த வேகத்தில், எத்தனை கிலோ ஆளோடு என்று கேளுங்கள்.

என்ஜினை இறக்குவது

முதல் வேலை பெட்ரோல் டேங்கை வடித்து, கழற்றி, வெளியே திறந்தவெளியில் வைப்பது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி. க்ரைண்டர் பக்கத்தில்கூட வரக் கூடாது.

பிறகு சைலன்சர், ஆக்சிலேட்டர் கேபிள், சோக், க்ளட்ச் கேபிள், கியர் கேபிள் இரண்டு, பின் ப்ரேக் கேபிள், ஸ்டேட்டர் வயர் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, செல்போனில் படம் எடுத்துவையுங்கள். கேபிள்களை உருவி எறியாதீர்கள், சில திரும்ப வேலைக்கு வரும்.

கடைசியில் ஷாக்கின் கீழ் போல்ட், அப்புறம் சாசியைக் குறுக்காகத் துளைத்துப் போகும் நீள போல்ட். முப்பது வருட மழை அந்த போல்ட்டை சைலன்ட் புஷ்ஷின் (ரப்பர் வைத்த உருளையின்) உள்குழாயோடு ஒட்டவைத்திருக்கும். முந்தின நாள் இரவே இரண்டு பக்கமும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். தட்டும்போது நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு மரையின் மேல் சுத்தியலால் அடித்தால் மரை மலர்ந்துவிடும், அப்புறம் போல்ட் எந்தப் பக்கமும் வராது. நட்டை மரையின் முனைக்குச் சமமாக வரும்வரை திருகி, அதன் மேல் பித்தளைக் கட்டை வைத்துத் தட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததும் நட்டை எடுத்துவிட்டு, சற்று மெல்லிய கம்பியால் தள்ளுங்கள்.

இறக்கிய என்ஜினின் ஸ்பார்க் பிளக் ஓட்டையில் இரண்டு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டு, கிக்கரை நான்கு முறை மெதுவாக மிதித்து, ஓட்டைகளைத் துணியால் அடைத்து வையுங்கள். அதில் இருக்கும் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போடக் கூடாது.

பின் கை

அளவை சாசியில் எடுக்காதீர்கள், என்ஜினிலிருந்தே எடுங்கள். சக்கரத்தோடு என்ஜினை ஒரு தட்டையான இரும்புத் தகட்டின் மேல் வைத்து, மூன்று இடத்தை, அதாவது போல்ட் குழாய், சக்கர அச்சு, ஷாக் துளை ஆகியவற்றை, ஆங்கிள் துண்டுகளால் தகட்டோடு பற்றவைத்து ஒரு ஜிக் (அளவு பிசகாமல் பிடிக்கும் அச்சு) செய்யுங்கள். டயரின் நடுக்கோடு போல்ட் குழாயின் இடது முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று தகட்டிலேயே கோடு கீறுங்கள். பிறகு என்ஜினை எடுத்துவிட்டு, புதுக் கையை அந்த ஜிக்கின் மேலேயே பொருத்தி வெல்ட் செய்ய வேண்டும். கண் அளவில் வெல்ட் செய்த கை, சூட்டில் இழுத்து இரண்டு டிகிரி திரும்பும். ஹேண்டிலை விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதற்கு எந்த வீல் அலைன்மென்ட்டும் உதவாது.

குழாய்க்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள 50க்கு 25 செவ்வகக் குழாய், போல்ட் இடத்துக்கு லேத்தில் கடைந்த கனமான உருளை. சைலன்ட் புஷ் புதிதாக வாங்கி, உருளையின் உள்விட்டத்தை அதற்கேற்பக் கடையச் சொல்லுங்கள். புஷ் கையால் நுழைந்தால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், பிரஸ்ஸில் அழுத்தித்தான் நுழைய வேண்டும். வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் புஷ் போட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும்.

சேத்தக்கின் அசல் அமைப்பில் கை வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கம் நட்டைக் கழற்றினால் சக்கரம் வந்துவிடும். ஒரு பக்கத் தண்டு உள்ள ஹப் மோட்டார் கிடைத்தால் இந்த வசதி தொடரும், ஆனால் கை மிகவும் உறுதியாக இருக்க வேண்டும். பழகாத வெல்டருக்கு இரண்டு பக்கமும் பிடிக்கும் கையே பாதுகாப்பு. டயர் கழற்ற அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான். டயருக்கு அலைய வேண்டாம்: ஆக்டிவாவுக்குப் போடும் 90/100-10 ட்யூப்லெஸ் ஏறக்குறைய அதே உயரம்.

இனி முக்கியமான இடம். ஹப் மோட்டாரின் தண்டு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். சக்கரத்துக்குக் கொடுக்கும் முறுக்கு முழுவதும் எதிர்த்திசையில் தண்டைத் திருகப் பார்க்கும். தண்டின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்ட, சில மில்லிமீட்டர் அகலமான அந்த இடம்தான் 90 நியூட்டன் மீட்டரையும் தாங்குகிறது. தண்டு நுழையும் பிளவைக் குறைந்தது 8 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில், அரத்தால் ராவி, இறுக்கமாக வெட்டுங்கள். கேஸ் கட்டிங்கில் வெட்டிய பிளவில் தண்டு ஆடும். ஆடினால் நட்டு இளகும், ஒருநாள் தண்டு முழுதாகத் திரும்பி, அதன் நடுவிலிருந்து வரும் மோட்டார் வயரை முறுக்கி அறுத்துவிடும். வயர் அறும்போது மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோகும் ஃபேஸ் வயரும், சக்கரத்தின் நிலையைச் சொல்லும் ஹால் சென்சாரின் வயரும் தொட்டுக்கொண்டால் கன்ட்ரோலரும் சேர்ந்து போகும். ஆகவே பிளவோடு நிறுத்தாமல், தண்டைப் பிடிக்கும் தனி டார்க் ஆர்ம் ஒன்றையும் பின் கையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பேட்டரி எங்கே உட்காரும்

பேட்டரியை ஆர்டர் பண்ணிவிட்டு இடம் தேடாதீர்கள். சீட்டுக்கு அடியில் டேங்க் இருந்த குழியும் என்ஜின் இருந்த வலது பக்கமும் இப்போது காலி. அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி ஒரு போலிப் பேட்டரி செய்து, அந்தக் குழியில் இறக்கிப் பாருங்கள். ஷாக் முழுதாக அமுங்கும்போது டயரோ பின் கையோ பெட்டியில் இடிக்கக் கூடாது. ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டுக் கையை மேலே தூக்கிப் பார்த்தால்தான் இது தெரியும். எல்லாப் பக்கமும் 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த அளவோடு போய், ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்ட பேட்டரியாகக் கட்டி வாங்குங்கள். செல்லை வாங்கி வீட்டில் ஸ்பாட் வெல்ட் பண்ணுவது இந்த வழிகாட்டியில் இல்லை.

ஃபுட்போர்டில் பெட்டி வைத்துக் கட்டுவது எளிது. ஆனால் கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தைப் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஸ்கூட்டர் எதற்கு?

பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் 80 ஆம்பியராவது தொடர்ந்து தாங்க வேண்டும். கன்ட்ரோலர் 50 கேட்கும்போது 50 ஆம்பியர் பிஎம்எஸ் போட்டால், மேம்பாலத்தின் பாதியில் அது தன்னைக் காத்துக்கொள்ள வண்டியை அணைத்துவிடும். கன்ட்ரோலரில் குறைந்த வோல்டேஜ் எல்லையை 58-க்கு வையுங்கள். பிஎம்எஸ் வெட்டுவதற்கு வெகுமுன்னே கன்ட்ரோலர் வேகத்தைக் குறைத்து உங்களுக்குச் சேதி சொல்லும்.

வயரிங்

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 63 ஆம்பியர் டிசி எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) அல்லது ஃபியூஸ். இது குறைந்தது 80 வோல்ட் டிசிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கார் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. அது உருகினாலும் 73 வோல்ட் அந்த இடைவெளியில் தீப்பொறியாகத் தாவி எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு ஏசி எம்சிபியும் அப்படித்தான்.

பெரிய லைனுக்கு 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள், அதன் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் க்ரிம்பரில் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரில் நசுக்கி ஈயம் வைத்த லக் முதல் மேட்டிலேயே சுடும்.

கன்ட்ரோலருக்குள் பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. நேரே இணைத்தால் 'பட்' என்று பொறி பறந்து கனெக்டரின் முனை கருகும். எம்சிபிக்குக் குறுக்கே ஒரு புஷ் பட்டனும் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும் தொடராகப் போடுங்கள். பட்டனை இரண்டு நொடி அழுத்திவிட்டு எம்சிபியைத் தூக்கினால் சத்தமே வராது.

கன்ட்ரோலருக்கு நல்ல இடம் வலது சைடு பேனலுக்குள். என்ஜினுக்காக வைத்த காற்றுத் திறப்புகள் அங்கே இருக்கின்றன. டயர் வாரியடிக்கும் தண்ணீர் படாமல் நடுவில் ஒரு தகடு மட்டும் போடுங்கள். கனெக்டர் எல்லாம் கீழ்நோக்கி இருக்கட்டும்.

மூன்று ஃபேஸ் வயர், ஐந்து ஹால் வயர். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. வரிசையைத் தானாகக் கற்றுக்கொள்ளும் வசதியுள்ள கன்ட்ரோலர் என்றால் அந்த வசதிக்கான வயரைச் சேர்த்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆன் பண்ணினால் போதும். இல்லையென்றால் ஹால் வயரைத் தொடாமல் ஃபேஸ் வயரை மட்டும் ஆறு விதமாக மாற்றிப் பாருங்கள். சக்கரம் உதறினாலோ, உறுமினாலோ, சும்மா சுற்றும்போதே 5, 6 ஆம்பியர் இழுத்தாலோ வரிசை தப்பு. சரியான வரிசையில் சத்தமின்றிச் சுற்றும்.

ஹேண்டில், ப்ரேக், விளக்கு

வலது கைப்பிடியை மாற்ற வேண்டாம். கேபிள் இழுத்தால் வேலை செய்யும் ஹால் த்ராட்டில் (திருகும் அளவை வோல்டேஜாக மாற்றும் சென்சார்) கிடைக்கிறது. அசல் ஆக்சிலேட்டர் கேபிளை அதில் மாட்டிவிட்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. ஓய்வில் 0.8 முதல் 1 வோல்ட், முழுதாகத் திருகினால் 4-ஐ ஒட்டி வர வேண்டும். இதன் கிரவுண்ட் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி, வண்டி தானாகப் பாயும். எனவே த்ராட்டிலின் மூன்று வயரில் முறுக்கி ஒட்டிய ஜாயின்ட் கூடாது. வயரைக் கழற்றிவிட்டால் மோட்டார் நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சோதியுங்கள். நிற்காத கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடது பக்கத்தின் கியர் கைப்பிடி சும்மா கிடக்கட்டும் என்று விடாதீர்கள். உள்ளே இரண்டு மைக்ரோ ஸ்விட்ச் வைத்தால் 1, 2, 3 என்று கியர் போட்ட அதே இடங்களில் வேக நிலை மாறும்.

பின் ப்ரேக்குக்கு ட்ரம் உள்ள ஹப் மோட்டாராக வாங்கினால் கால் ப்ரேக் கேபிள் அப்படியே சேரும். இரண்டு ப்ரேக்கிலும் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் வேண்டும். மிதிக்கு ஸ்டாப் லைட் ஸ்விட்ச் இருக்கிறது, முன் லீவருக்கு நீங்கள்தான் வைக்க வேண்டும். கன்ட்ரோலரில் ப்ரேக் வயர் இரண்டு வகை: ஒன்று கிரவுண்டைத் தொட்டால் வேலை செய்யும், மற்றது 12 வோல்ட் கொடுத்தால். முதல் வகையில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கன்ட்ரோலர் காலி. க்ளட்ச்சும் கியரும் போனதால் இனி கியரைக் குறைத்து வேகம் தணிக்க முடியாது. முன் ட்ரம்மின் லைனிங்கையும் கேபிளையும் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

விளக்குக்கு 72-லிருந்து 12 வோல்ட்டாக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பேட்டரி இல்லாத பழைய சேத்தக்கில் எல்லாமே மேக்னெட்டோவின் ஏசி கரன்ட்டில் ஓடியவை. பல்பு எதிலும் எரியும், ஏசி ஹாரன் டிசியில் ஊமையாகிவிடும். புது டிசி ஹாரன் வாங்குங்கள். சில ஸ்விட்ச்கள் அழுத்தினால் சேராமல் பிரியும் வகை, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே 12 வோல்ட்டைக் கொடுங்கள். ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அதன் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் அது பாட்டுக்கு ஓடும்.

முதல் ஓட்டம்

கன்ட்ரோலரின் கரன்ட்டை 60 சதவீதத்துக்கு இறக்கி, ரீஜென் ப்ரேக்கை (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு கரன்ட் திருப்பும் வசதியை) அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரீஜென் தண்டை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றித் திருகும். நட்டு படிய முதல் 500 கிலோமீட்டராவது அது இல்லாமல் ஓடட்டும். முழுச் சார்ஜில் ரீஜென் போட்டால் வோல்டேஜ் ஏறி பிஎம்எஸ் வெட்டும் என்பது இன்னொரு காரணம்.

இறுக்கிய எல்லா நட்டின் மேலும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எம்சிபியை இறக்கி, ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த க்ரிம்ப் தவறு. 50 கிலோமீட்டரில் பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப இறுக்குங்கள். மோட்டாரின் வெப்பம் 110 டிகிரியைத் தொட்டால் கரன்ட் குறையும்படி அமைத்துவிடுங்கள். அதற்கு உள்ளே சென்சார் உள்ள மோட்டாராக இருக்க வேண்டும்.

சார்ஜர் 73 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் நாலரை மணி நேரம், ஏறக்குறைய 3 யூனிட். சுவரிலிருந்து மூன்றரை ஆம்பியர்தான் வாங்கும், ஆனாலும் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்கள். பழைய சின்ன பிளக்கில் நாலு மணி நேரம் ஓடினால் பிளாஸ்டிக் இளகும்.

மழைக்காலத்துக்கு ஒரு சங்கதி. இந்தச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து 21 சென்டிமீட்டர்தான். அந்த அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் போனால் தண்டின் வயர் வாய் மூழ்கும். சும்மா மழையிலும் வயர் வழியே தண்ணீர் இறங்கி மோட்டாருக்குள் போகும். வயர் தண்டிலிருந்து வெளிவந்ததும் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். வாயில் சிலிக்கான் வைத்து ஒருநாள் காயவிட்ட பிறகு வண்டியை எடுங்கள். திடீரென்று வண்டி உதறி உதறி ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது கன்ட்ரோலரை அல்ல, ஹால் கனெக்டருக்குள் ஈரம் இருக்கிறதா என்பதை.